மலைநாட்டு மழையும் நாலு டயரும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், அபர்டீனுக்குத் தெற்கே அரை மணி நேரத் தொலைவில் ஸ்டோன்ஹேவன் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. வளைந்த கடற்கரை, கல் வீடுகள், நடுவே ஒரு சந்தைச் சதுக்கம். ராபர்ட் வில்லியம் தாம்சன் இங்கே பிறந்தார் என்று அந்தச் சதுக்கத்தில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். 1822இல் பிறந்தவர். 23 வயதில், 1845இல், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் கார் வர இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. மனிதர் குதிரை வண்டிக்காகவே யோசித்திருக்கிறார். ரப்பர் பூசிய துணியில் ட்யூப், அதன்மேல் தோலுறை. அதை மாட்டிய வண்டியை லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் ஓட்டிக் காட்டினார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது, குதிரை இழுக்க வேண்டிய பாரமும் குறைந்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. ஊர் மறந்துவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் அதே யோசனையைத் தன் போக்கில் மறுபடி கண்டுபிடித்தார். அவரும் பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர்தான்.

இந்த நாட்டில் கொஞ்ச நாள் இருந்தால் இதில் ஒரு நியாயம் தெரிகிறது. நொறுக்கிய கல்லை அடுக்கி மழைக்குத் தாங்கும் சாலை போடச் சொல்லிக்கொடுத்த மெக்காடம் இந்த நாட்டவர். ரப்பரைத் துணியில் வைத்து மழைக்கோட்டு செய்த மெக்கின்டாஷும் இந்த நாட்டவர். ஓயாமல் நனையும் ஒரு தேசம், நனைந்த கல்மேல் மனிதன் எப்படி நகர்வது என்று தலைமுறை தலைமுறையாக யோசித்திருக்கிறது. அந்த ஈரத்தில், அந்தக் கல்மேல், மிகவும் எடை குறைந்த ஒரு காரில் மேற்குக் கடற்கரை வரை போகத்தான் நான் வந்திருந்தேன்.

கார் என் பெரியப்பா மகனுடையது. குலசேகரத்தில் பிறந்து, எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக அபர்டீன் வந்து, இந்த ஊர்க் குளிரைத் தன் குளிராக ஆக்கிக்கொண்டவர். கார், ஒரு கேட்டர்ஹாம் செவன். காலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவன் என்ற பெயரில் கொண்டுவந்த வண்டி அது. 1973இல் அதைச் செய்யும் உரிமையைக் கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கி, இன்றுவரை ஏறக்குறைய அதே உருவத்தில் செய்துகொண்டிருக்கிறது. கதவு கிடையாது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஏபிஎஸ் கிடையாது. இரும்புக் குழாய்க் கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் 1600 சிசி ரோவர் எஞ்சின், 115 குதிரைத்திறன். மொத்த எடை 550 கிலோ அளவில். நம் ஊரில் ஓடிய மாருதி 800ஐவிட நூறு கிலோ குறைவு. அந்த மாருதிக்கு எஞ்சின் இதில் பாதி.

செவனில் உட்கார்ந்தால் முன் சக்கரங்கள் கண்ணுக்கு நேரே தெரியும். அவை உடலுக்கு வெளியே, கம்பிகளில் தனியாக நிற்கின்றன. மேலே சைக்கிள் மட்கார்டு மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான். வேறு எந்தக் காரிலும் டயர் என்பது நாம் நம்பிக்கொள்கிற சமாச்சாரம். இதில் அது வேலை செய்வதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பயணம் முழுக்க மலையையும் ஏரியையும் பார்த்த அளவுக்கு நான் இடது முன் டயரையும் பார்த்திருக்கிறேன்.

புறப்படுவதற்கு முன்னால் டயர் மாற்ற வேண்டியிருந்தது. பழைய டயரில் பட்டன் நிறையவே பாக்கி இருந்தது. ஆழம் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாது. பிரிட்டனில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். பிறகு எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் அச்சடித்திருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். எட்டு வருஷம் தாண்டியிருந்தது.

“எடை இல்லாத வண்டியில டயர் தேயாது, மக்கா. அப்படியே கிழடு தட்டிப் போவும். நகத்த வச்சு அழுத்திப் பாரு.”

அழுத்தினேன். பதியவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணியின் காரில் அதே இடத்தை அழுத்தினால் நகம் கொஞ்சம் இறங்கியது. பாரமான காரில் டயர் தேய்ந்து தீர்ந்துவிடும், அதனால் வயதாக நேரமில்லை. இலேசான காரில் நேர்மாறு. பார்வைக்குப் புதுசு மாதிரி நிற்கும், ரப்பர் உள்ளுக்குள் இறுகியிருக்கும். உலர்ந்த வெயில் சாலையில் அது தெரியவே தெரியாது. ஈரத்தில், குளிரில், ஒரு வளைவில் தெரியும்.

கொட்டகை மூலையில் இன்னொரு செட் சக்கரம் அடுக்கியிருந்தது. டோயோ ஆர்888ஆர். நடுவில் மட்டும் கொஞ்சம் பள்ளம், தோள்பக்கம் ஏறக்குறைய மொட்டை. சாலையில் ஓட்டவும் சட்டம் அனுமதிக்கிற பந்தய டயர். ஃபைஃப் பக்கத்தில் நாக்ஹில் என்று இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. கோடையில் அங்கே ஓட்டுவதற்காக அண்ணன் வைத்திருப்பது. கடையில் விலை அதிகம், பேச்சிலும் மதிப்பு அதிகம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு முதலில் ஆசை வருவது இந்த ஜாதி டயர்மேல்தான். ஆனால் இதன் ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். டயரைச் சூடாக்குவது அது நசுங்கி விரியும் வேலை. நசுக்குவதற்குப் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் பந்தயத் தடத்தில் இருக்கிற மாதிரி விடாத வளைவும் விடாத பிரேக்கும் வேண்டும். ஐப்பசி மாத மலைநாட்டில், 550 கிலோ வண்டியில், பொதுச் சாலை வேகத்தில் அந்தச் சூட்டை எட்டவே முடியாது. அந்த டயர் போட்டுப் போனால், வாங்கிய காசுக்கான பிடியில் பாதி கூடக் கைக்கு வராது. மழை வந்தால் பள்ளமில்லாத தோள்பட்டை தண்ணீரை எங்கே தள்ளும்?

இன்னொரு ஆசை, அகலம். சக்கரத்தை ஒரு அங்குலம் பெரிதாக்கி, டயரை அகலமாக்கு, பிடி கூடும் என்று சொல்லாத கார்க்காரர் இல்லை. அண்ணன் காருக்குக் கம்பெனி கொடுத்த அளவு 185/60 ஆர்14. அதாவது 185 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 14 அங்குல ரிம். சாதாரணக் குடும்பக் கார் அளவு. இதில் ஒரு விஷயம் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. டயர்மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் பிடி இரண்டு மடங்காவதில்லை. அதற்குக் குறைவாகத்தான் கூடும். திருப்பிச் சொன்னால், பாரம் குறையக் குறைய ஒவ்வொரு கிலோவுக்கும் டயர் தரும் பிடி கூடிக்கொண்டே போகிறது. இலேசான கார் எந்தச் செலவும் இல்லாமல் இந்த லாபத்தைப் பெற்றுவிடுகிறது. அகல டயர் என்பது பாரமான கார்கள் தங்கள் பாரத்துக்குக் கட்டும் தண்டம். கேட்டர்ஹாம் கம்பெனியே 2021இல் செவன் 170 என்று ஒன்றை வெளியிட்டது. சுசுகியின் 660 சிசி எஞ்சின், 440 கிலோ எடை. டயர் அகலம் 155 மில்லிமீட்டர்தான். அதை முடிவு செய்த பொறியாளர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அகலம் வேண்டாம் என்பதற்கு எடைக் காரணமும் இருக்கிறது. செவனில் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் சும்மா நிற்கும்போது 140 கிலோதான் இருக்கிறது. அந்த 140 கிலோ, மேடு பள்ளத்தில் துள்ளும் சக்கரத்தைக் கீழே அடக்கி வைக்க வேண்டும். டயரும் ரிம்மும் சேர்ந்து ஐந்தாறு கிலோ கூடினால் பெரிய காருக்கு ஒன்றும் தெரியாது. இதில் சக்கரம் தரையை விட்டு எழும்பும். டயர் இலேசாக இருக்க வேண்டும், ரிம் சின்னதாக இருக்க வேண்டும்.

அபர்டீன் ஓரத்தில் ஒரு டயர் கடை. அண்ணன் கேட்டது தெளிவாக இருந்தது. 185/60 ஆர்14, பாரக் குறியீடு 82, கூடுதல் பாரத்துக்கு வலுவேற்றிய ரகம் வேண்டாம், ஈரத்தில் நிற்கும் தரம் மிக மேலானதாக இருக்க வேண்டும், தேதி இந்த வருஷத்தியதாக இருக்க வேண்டும். கடைக்காரர் வலுவேற்றிய ரகம் இருக்கிறது, இன்னும் நன்றாக உழைக்கும் என்றார். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். நாலு டயர் 1900 கிலோ. எங்கள் இருவரையும் பைகளையும் சேர்த்தால்கூட வண்டி 720 கிலோவைத் தாண்டாது. சாதாரண டயரே இரண்டரை மடங்கு தாங்குகிறது. அதற்குமேல் சுவரைக் கெட்டியாக்கினால் அது கல்மாதிரி நிற்கும். வளைந்துகொடுத்துத் தரையைத் தேடாது.

“ஸ்பிரிங்கும் ஷாக்கும் செய்யுற வேலையில கால்வாசி இந்தச் சுவரு செய்யும், கேட்டியா,” என்றார் அண்ணன். 185க்கு 60 சதவீதம் என்றால் 111 மில்லிமீட்டர். அத்தனை உயரச் சுவர் இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அருகிவிட்டது.

புது டயரை உருட்டிக் கொண்டுவந்தபோது அவர் குனிந்து பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பெரியப்பாவுக்கு ரப்பர் தோட்டம் இருந்தது. விடிவதற்கு முன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவதும், சிரட்டையில் மிஞ்சும் ஒட்டுப்பாலைப் பறித்துச் சேர்ப்பதும், ஷீட் அடித்துப் புகையில் காயப்போடுவதும் அண்ணனுக்குப் பள்ளிக்கூட நாள் வேலை. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த விதைகளின் கன்றுகள்தான் இலங்கை ஹெனரத்கொடைக்குப் போய், பிறகு நம் தென்கோடி மலைகளிலும் காடாகியிருக்கின்றன. இன்றைய கார் டயரில் தரையைத் தொடும் பட்டன் பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பரும் சிலிகாவும்தான். ஈரத்தில் பிடி தருவது அந்தச் சேர்மானம். மரத்துப் பால் அதிகமாக இருப்பது சுவரிலும் உள்கூட்டிலும். ஓயாமல் மடங்கி நிமிர்ந்தாலும் விரிசல் விடாமல், சூடேறாமல் இருக்க அதற்கு நிகர் இன்னும் வரவில்லை. “நம்ம ஊர்ப் பால் இந்தச் சுவருக்குள்ளதான் இருக்கு,” என்றார். இலேசான காரில் டயரின் முக்கியமான பாகம் எதுவோ, அதற்குள்.

கடைப் பையன் டயர்களை ரிம்மில் ஏற்றி, எல்லாக் காருக்கும் வைப்பதுபோல் 32 பி.எஸ்.ஐ. காற்று வைத்தான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வெளியே வந்ததும் காற்றழுத்த மானியை எடுத்து ஒவ்வொரு டயராக உட்கார்ந்து இறக்கினார். 18க்கு வந்தது. நம் ஊரில் 18 இருந்தால் பஞ்சர் என்று நிறுத்திவிடுவோம். செவன்காரர்களுக்கு அதுதான் சரியான காற்று. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 720 கிலோவை நாலாகப் பிரித்தால் டயருக்கு 180. காற்று 18 என்றால் தரையில் பதியும் பரப்பு தோராயமாக 140 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கம் பன்னிரண்டு சென்டிமீட்டர் உள்ள சதுரம். கடைப் பையன் வைத்த 32இல் அது 80 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். காற்றை இறக்கியதிலேயே ஒவ்வொரு டயரிலும் முக்கால் பங்கு ரப்பர் கூடுதலாகத் தரையில் வந்துவிட்டது.

சரிபார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. அண்ணன் சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு டயரிலும் பட்டன்மேல் குறுக்காக, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை ஒரு கோடு போட்டார். சுவரும் பட்டனும் சேரும் விளிம்பில் சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும். அதன்மேலும் கொஞ்சம் பூசினார். வண்டியைத் தெரு முனை வரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம். கோடு முழு அகலத்துக்கும் ஒரேமாதிரி அழிந்திருந்தது. 32இல் இதைச் செய்திருந்தால் நடுவில் மட்டும் அழிந்து இரண்டு ஓரத்திலும் வெள்ளை நின்றிருக்கும்.

மறுநாள் காலை ஸ்டோன்ஹேவனிலிருந்து ஃபெட்டர்கேர்ன் போய், அங்கிருந்து கேர்ன் ஓ மவுண்ட் கணவாய்ச் சாலையில் ஏறினோம். சமவெளி வயல்கள் முடிந்த இடத்தில் சாலை திடீரென்று மலைமேல் எழுகிறது. உச்சி 450 மீட்டர் சொச்சம்தான். நம் ஏற்காட்டு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் மரமே கிடையாது. ஹெதர் புதர் பூ முடிந்து பழுப்பாகிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் வயல்களுக்கு அப்பால் வட கடல் தெரிந்தது. காற்று காதை அறுத்தது. செவனில் மேல்கூரை என்பது ஒரு தார்ப்பாய். மழை வரும்வரை அதைப் போடக் கூடாது என்பது அண்ணனின் சட்டம்.

டீ நதியைக் கடந்து, பால்மோரல் பக்கமாகத் திரும்பி, காக்பிரிட்ஜ் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அங்கிருந்து டோமின்டூல் போகும் ஏ939 சாலைக்கு லெக்ட் என்று பெயர். குளிர்காலத்தில் பிரிட்டனில் பனியால் முதலில் மூடப்படும் சாலைகளில் இது ஒன்று. காக்பிரிட்ஜில் ரயில்வே கேட் மாதிரி ஒரு இரும்புக் கதவு, பனி விழுந்தால் இழுத்துப் பூட்டுவதற்கு. கதவைத் தாண்டியவுடன் சாலை ஒளிவுமறைவே இல்லாமல் நேராக மலைமேல் போகிறது. ஐந்தடி போனால் ஓரடி ஏறும் சரிவு. 1754இல் ராணுவ வீரர்கள் போட்ட பாதை. அவர்களுக்கு வளைத்துப் போட நேரமில்லை போலும். அந்தப் படைப்பிரிவின் பெயர் பொறித்த கல் அந்தப் பக்கம் இறங்கும்போது ஒரு ஊற்றருகே இன்னும் நிற்கிறது.

இந்த மழையில்தான் டயர் தேர்வின் உள்விவகாரம் முழுக்க எனக்குப் புரிந்தது. 1960களில் நாசா பொறியாளர்கள் விமான டயரை வைத்து ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் தேங்கிய தரையில் டயர் எந்த வேகத்தில் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்பது முக்கியமாக அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 32 பி.எஸ்.ஐ. டயர் மணிக்கு 94 கிலோமீட்டரில் மிதக்கும். எங்கள் 18 பி.எஸ்.ஐ. டயர் 70இல். பள்ளங்கள் தண்ணீரை வாங்கித் தள்ளுகிறவரை இந்தக் கணக்கு வேலைக்கு வராது. தண்ணீர் பள்ளத்தின் ஆழத்தை மீறினால் வந்துவிடும். அதாவது இலேசான காருக்குக் காற்றைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் மழையில் சீக்கிரம் மிதக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வழி விடுவது டயரின் வடிவம்தான். ஒடுக்கமாக இருந்தால் முன்னால் தள்ள வேண்டிய தண்ணீர் குறைவு. பள்ளம் ஆழமாக இருந்தால் வாங்கிக்கொள்ள இடம் அதிகம். அகலமான மொட்டை டயரை மாட்டி, 18 காற்று வைத்து, இந்த மழையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இடது முன் டயரையே பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளங்களிலிருந்து தண்ணீர் சீராகப் பின்னால் பீறிட்டு, மட்கார்டின் அடியில் மோதித் தூளானது. ஸ்காட்லாந்து மலைச் சாலைகளில் தாரின்மேல் கருங்கல் சில்லைப் பதித்து உருட்டியிருக்கிறார்கள். தரை சொரசொரவென்று இருக்கும். ஈரமான கல்லில் ரப்பர் ஒட்டுவது குறைந்தாலும், கல் முனைகள் ரப்பருக்குள் புதைந்து பிடிக்கிற பிடி மிஞ்சுகிறது. ரப்பர் இளகி இருந்தால்தான் முனை புதையும். பழைய டயரில் நகம் பதியாதது ஞாபகம் வந்தது. ஒரு இறக்கத்தில் சாலையோரம் தண்ணீர் தேங்கியிருந்தது. டயரின் முன்னால் ஒரு கண்ணாடித் தகடு மாதிரி நீர் எழும்பியது, பீறிடும் சத்தம் ஒரு கணம் மாறியது. அண்ணன் அதற்கு முன்பே காலை எடுத்திருந்தார். “ஸ்டீயரிங் லேசாச்சு, உனக்குத் தெரிஞ்சா?” என்றார். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் டயர் நேரே கைக்குச் சொல்லிவிடுகிறது. நல்ல டயர் முன்கூட்டிச் சொல்லும், மெதுவாகக் கைவிடும். பிடி எவ்வளவு என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். எப்படிக் கைவிடும் என்பதை எந்த லேபிளிலும் போடுவதில்லை. பத்திரிகைகள் டயர்களை ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இதைவிட இரண்டு மடங்கு பாரமுள்ள குடும்பக் கார்களில். செவன் வைத்திருப்பவர் இன்னொரு செவன்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

உச்சியில் பனிச்சறுக்கு மையத்தின் காலி வண்டி நிறுத்தத்தில் இறங்கினோம். 637 மீட்டர். காற்றின் சூடு 5 டிகிரி. அண்ணன் குறிபார்த்துச் சூடு அளக்கும் கருவியை டயரில் காட்டினார். 19, 20 என்று காட்டியது. அத்தனை ஏற்றம் ஏறி வந்தபிறகும் அவ்வளவுதான். நாக்ஹில்லில் கோடையில் 60ஐத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறாராம். கோடை டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கும் என்று சொல்வார்கள். ஓடும்போது இந்தப் பதினைந்து டிகிரி கூடுவதால் எங்களால் சமாளிக்க முடிந்தது. மார்கழியில் வருவதாக இருந்தால் நான் எல்லாப் பருவத்துக்குமான டயரைத்தான் சொல்வேன். அதன் பட்டன் துண்டுகள் கொஞ்சம் நெளியும், வளைவில் துல்லியம் குறையும். ஆனாலும் அந்த மாதம் துல்லியத்துக்கான மாதம் கிடையாது.

இன்வர்னெஸ்ஸில் தங்கிவிட்டு மறுநாள் மேற்கே போனோம். லோச்கேரனைத் தாண்டி டோர்னாப்ரெஸ் என்ற இடத்தில், கடல் கழி ஓரமாக, ஒரு பெரிய எச்சரிக்கைப் பலகை. ஓட்டப் பழகுபவர்களும் பெரிய வண்டிகளும் போக வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து பெலாக் நா பா கணவாய். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டருக்கு ஒரே மூச்சில் ஏறும் ஒற்றை வழிச் சாலை. ஆப்பிள்கிராஸ் ஊருக்கு 1970கள் வரை இதைத் தவிர வேறு சாலையே கிடையாது. இதைப் போட்டது 1822இல் என்பதைப் படித்தபோது சிலிர்த்தது. தாம்சன் பிறந்த அதே வருஷம்.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான கரும்பாறைச் சுவர். அவற்றின் நடுவே பிரம்மாண்டமான ஒரு குடைவு. அதன் கடைசியில் சாலை கொண்டையூசி வளைவுகளாக மடங்கி மடங்கி மேலே போவது தெரிந்தது. எங்கோ ஒரு ஆண் மான் அடித்தொண்டையில் உறுமியது. இது அவற்றின் இணை சேரும் பருவம். எதிரே வந்த கேம்பர் வேனுக்கு ஒதுங்கி நின்றோம். ஆடுகள் சாலையில் படுத்திருந்தன, அவற்றுக்கும் நின்றோம். கல் தடுப்பு ஓரமாக எட்டிப் பார்த்தால் கீழே கழி நீலமாக, மிகத் தொலைவில் இருந்தது.

கொண்டையூசி வளைவுகளில் டயரைப் பார்த்ததை நான் மறக்கப் போவதில்லை. வேகம் முப்பதுகூட இருக்காது. அண்ணன் வலப்புறம் ஒடித்தார். என் பக்கத்து டயரின்மேல் பாரம் இறங்கியது. சுவரின் அடிப்பாகம் கொஞ்சம் புடைத்தது, மேற்பாகம் இழுபட்டது, எழுத்துகள் சாய்ந்தன. பட்டன் தரையில் நின்ற இடத்திலேயே நிற்க, சக்கரம் அதன்மேல் ஒரு விரல் அளவு நகர்ந்து, பிறகு கார் முழுக்கத் திரும்பியது. 111 மில்லிமீட்டர் சுவர் செய்கிற வேலை அது. வளைவு முடிந்ததும் நிமிர்ந்துகொண்டது. அடுத்த வளைவில் மறுபடி. சாலையின் ஒட்டுகளையும் குழிகளையும் அந்தச் சுவர் வாங்கிக்கொண்டது. எங்கள் முதுகுக்கு வந்தது மிச்சம் மட்டும். தாம்சன் குதிரை வண்டிக்குக் கேட்டதும் இதைத்தானே.

உச்சியில் நிறுத்தினால் மேற்கே ராசே தீவும் அதன் பின்னால் ஸ்கை தீவின் கூலின் மலைகளும் வரிசையாக நின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கைமேல் ஒரு மழைத்திரை இறங்கி, ஒரு மலையை மறைத்து, இன்னொன்றைக் காட்டியது. காற்றில் உப்பும் ஈரப் புல்லும் மணத்தன. இவ்வளவு தூரம் இவ்வளவு சின்ன வண்டியில் வந்திருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிந்தது. கை கால் எல்லாவற்றிலும் சாலையின் அதிர்வு மிச்சமிருந்தது.

ஆப்பிள்கிராஸில் கடலோரம் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் மானியோடு குனிந்தார். உச்சி ஏறும் முன் சாக்பீஸை மறுபடி பூசியிருந்தோம். காற்று 18இலிருந்து 19 ஆகியிருந்தது. ஒரே ஒரு பாயிண்ட். சூடேறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பின் டயர்களில் சாக்பீஸ் முக்கோணத்தின் நுனிவரை அழிந்து நின்றிருந்தது. சரியான காற்று. முன் டயர்களில் நுனியைத் தாண்டி, சுவரின் விளிம்பு வரை அழிந்திருந்தது. கொண்டையூசிகளில் டயர் தோளில் ஏறிக் கொஞ்சம் மடங்கியிருக்கிறது.

“முன்னால ரெண்டுக்கும் ஒரு பாயிண்ட் கூட்டுவோம்,” என்றார். “ஆறினபிறகு வைக்கணும். இப்ப வச்சா கணக்கு தப்பும்.”

நாங்கள் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது டயர் கைக்குக் குளிர்ந்திருந்தது. நான் மானியைப் பிடித்துக்கொள்ள அவர் கால் பம்பை மிதித்தார். இடது முன்பக்கம் 19. வலது முன்பக்கம் 19. பின்பக்கம் இரண்டும் 18லேயே விட்டோம். மறுநாள் ஷீல்டேக் வழியாகக் கடலோரச் சாலை. ஸ்கைமேல் பார்த்த அந்த மழைத்திரை எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. தார்ப்பாயையும் எடுத்துக் கட்டினோம்.